உழைத்தோர் கூலி

வேலை கொடுப்போர்க்கும் வேலை செய்வோர்க்கும் இடையே நிகழும் வழக்குகள் பல. அவற்றுள், செய்து முடித்த வேலைக்குரிய கூலியைக் கொடாது நிறுத்திவைத்தலினும் கொடியது பிறிதொன்றில்லை என்பது நமது கருத்து. கூலி குறைவென்பதும் வேலை மிகுதியென்பதும் இருதிறத்தாரும் பேசித் தீர்த்துக்கொள்ளத் தக்கன. பேசி முடித்த கூலியைக் கொடாமையோ, பிறர் பொருளைக் கைக்கொள்ளுதலேயாம்.

சென்ற கோடை விடுமுறையில் நம் வகுப்பு நண்பர் ஒருவர் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு மாதம் வேலை பார்த்தார். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்தது. கல்லூரி திறக்கவே அவர் விடைபெறச் சென்றபோது, “நடுவில் விலகுகிறவனுக்குக் கடைசி மாதச் சம்பளம் கொடுக்கும் வழக்கமில்லை, தம்பி” என்று கடை முதலாளி கூறிவிட்டார். நண்பர் இருமுறை சென்று கேட்டார். மூன்றாம் முறை செல்ல நாணினார். முடிவில் அவர்தம் தாயாரின் தோடு அடகுக்கடைக்குச் சென்று பரீட்சைக் கட்டணமாகத் திரும்பிற்று. கேட்பதற்குத் தமக்கு உரிமையுண்டென்பதை அவர் அறியார். உண்மையைச் சொல்லின், அன்று நாமும் அறியோம்.

பின்னர்த் தேடி அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம். 1929-ஆம் ஆண்டில் நியமனம் பெற்ற விட்லி கமிஷன் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1936-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பிறந்தது. அது முதலில் ஆலைகளிலும் ரயில்வேயிலும் மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாகப் பெற்றோரையே காத்தது. அதற்கு ஈடாக 2019-இல் இயற்றப்பெற்ற ஊதியச் சட்டத் தொகுப்போ, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, சம்பள அளவு பாராது எல்லா ஊழியர்க்கும் உரியதாயிற்று. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் நாள் கழியுமுன் கொடுக்கப்படல் வேண்டும். ஒருவர் நீக்கப்படினும் தாமே விலகினும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்கப்படல் வேண்டும். சட்டம் எண்ணிக் கூறிய பிடித்தங்களன்றிப் பிற ஆகா. அவையும் சம்பளத்திற் பாதியை மிஞ்சலாகாது. கொடாதபோது மூன்றாண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அவர் நிலுவையோடு அதன் பத்து மடங்குவரை நஷ்டஈடும் விதிக்கலாம். இவற்றினும் மேலானது ஒன்றுண்டு: சம்பளம் கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்கும் பாரம் முதலாளியையே சார்ந்தது.

‘வியாபாரம் மந்தமாயின் எங்ஙனம் கொடுப்பது?’ என்பர் சிலர். கடை வாடகையும் வங்கி வட்டியும் மந்த காலத்தும் தவணை தப்பாது செல்லக் காண்கிறோம். ஏழைத் தொழிலாளி ஒருவனை மட்டும் வட்டியின்றிக் கடன் கொடுக்கும்படி வற்புறுத்துவது எவ்வகை நியாயம்? வங்கிக்கு அஞ்சுகிறவர் இவனுக்கு அஞ்சுவதில்லை, வேற்றுமை இதுவே.

மோசேயின் நியாயப்பிரமாணம் ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கப் பணிக்கிறது. நம் ஆண்டவர் கூறிய திராட்சத்தோட்ட உவமையிலும் எஜமான் அன்று மாலையே அனைவரையும் அழைத்துக் கூலி கொடுக்கின்றான். பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. வள்ளுவரோ, ஊழ் துணை செய்யாவிடினும் உடல் வருந்திய முயற்சி தன் கூலியைத் தரும் என்று தேற்றுகின்றார். ஊழும் தடுக்காத கூலியை ஒரு மனிதன் தடுப்பானாயின் அவனை என்னென்பது!

ஆயினும் சட்டம் தானே நடந்து வருவதில்லை. வேலை போய்விடுமென்னும் அச்சமும், கையில் ஒரு சீட்டும் இல்லாமையும் பலர் வாயை அடைக்கின்றன. ஆதலின் விடுமுறையில் வேலைக்குச் செல்லும் மாணவ நண்பர்காள்! பேசிய சம்பளத்தை எழுத்தில் பெறுமின். வேலை செய்த நாட்களைக் குறித்து வைமின். நிலுவையை முதலில் எழுத்து மூலம் கேண்மின். பயனில்லையேல் தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடுமின். கேட்பது இரப்பதன்று.

நம் விடுதித் தாழ்வாரங்களைப் பெருக்கும் அம்மாமார்க்கு ஒப்பந்தக்காரர் உரிய நாளில் கூலி கொடுக்கின்றனரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? ஒப்பந்தக்காரர் தவறினால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்கக் கடமைப்பட்டதென்பதும் சட்டமேயாம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் கடையும் ஆலையும் நடத்துவோர் பலர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: ஆலயத்திற்குக் காணிக்கை எடுத்து வைக்குமுன், கணக்குப் புத்தகத்தைத் திறந்து, விலகிச் சென்ற ஒருவருடைய சம்பளம் அதில் தங்கியுள்ளதா என்று பாருங்கள். இருப்பின், அதனை முன்னர்க் கொடுத்துவிட்டுப் பின்னர்க் காணிக்கை கொண்டுவாருங்கள்.