வரைபடத்தில் அந்த ஐந்து தெரு எங்கே?



கம்ப்யூட்டர் லேபில் நெட் கிடைத்ததும் நாம் முதலில் செய்கிற வேலை என்ன? வரைபடத்தைத் திறந்து நம்ம ஊரைத் தேடுவதுதான்! அடுத்த முறை ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற இலவச வரைபடத்தில் தேடிப் பாருங்கள். மெயின் ரோடு இருக்கிறது. பெட்ரோல் பங்க் இருக்கிறது, பேங்க் இருக்கிறது. ரேஷன் கடை இல்லை. ஏரி வெறும் நீலத் திட்டாக இருக்கிறது, பெயர் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஐந்து தெரு உண்டே, நம்ம பள்ளியில் எத்தனை பேர் அங்கிருந்து நடந்து வருகிறார்கள்! அந்த இடம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. ஆளே குடியில்லாத மாதிரி.

இதற்கு யார் மேல் கோபப்படுவது? யார் மேலும் பட முடியாது. அது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கி வைத்தது. விக்கிப்பீடியா கட்டுரையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் இல்லையா? அதே மாதிரி இதில் தெரு, கிணறு, கோயில், பஸ் ஸ்டாப் எதையும் யாரும் சேர்க்கலாம். தப்பு இருந்தால் அடுத்தவர் திருத்தலாம். அப்படியானால் அந்த ஐந்து தெரு இன்னும் வராததற்குக் காரணம், இங்கே இருக்கிற யாரும் போடவில்லை என்பதுதான். நாமே போடவேண்டும் என்பது என் கருத்து.

“கூகுள் மேப்தான் இருக்கே, இது எதுக்குடி?” என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. கூகுளிலும் நாம் இடம் சேர்க்கலாம்தான். ஆனால் சேர்த்த விவரத்தை மொத்தமாகத் திரும்ப எடுத்து நம் விருப்பப்படி பயன்படுத்த விடமாட்டார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இருப்பதை, அங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம். பஞ்சாயத்து ஆபீசில் பெரிசாக அச்சடித்துச் சுவரில் மாட்டலாம். போனில் இறக்கி வைத்து நெட் இல்லாமலே பார்க்கலாம். (மழை வந்தால் நம்ம ஊர் டவர் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.) ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கூகுளைப் பார்த்துக் காப்பி அடித்து இதில் போடக் கூடாது. பரீட்சை ஹாலில் இருக்கிற அதே ரூல்தான்!

2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைட்டி நாட்டில் பெரிய பூகம்பம் வந்தது. தலைநகருக்கு இணையத்தில் உருப்படியான தெரு வரைபடம் இல்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்தபடியே தெருத் தெருவாக இதில் வரைந்தார்கள். மீட்புக் குழுவினர் அதை வைத்து வேலை செய்தார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே இந்த வரைபடத்தின் மேல் குறித்தார்கள். அங்கே தெருக்கள் ஏற்கெனவே வரைந்து இருந்தன, அதனால் முடிந்தது. நம்ம ஏரிக்கரை உடைந்தால் தண்ணீர் முதலில் எங்கே போகும்? அந்த வெள்ளை இடத்துக்குத்தான்.

வெள்ளம் வேண்டாம், சாதாரண நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலி வந்து வண்டி கூப்பிட்டால், ஒருத்தர் டார்ச் லைட்டோடு ரோட்டு முனைக்கு ஓடணும். “அரசமரம் தாண்டி, பழைய ரைஸ் மில் பக்கத்துல” என்று போனில் கத்தணும். வண்டிக்காரர் இந்த வரைபடத்தைத்தான் பார்ப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிலுமே இல்லாத தெருவை அவர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்?

“வரைபடம் போடுறது சர்வேயர் வேலை, நமக்கு என்ன தெரியும்?” என்றும் சிலர் சொல்கிறார்கள். 1802இல் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி பரங்கிமலைப் பக்கம் நிலம் அளக்கத் தொடங்கியபோது அவர் வைத்திருந்த கருவி மட்டும் சுமார் அரை டன் எடை! இப்போது அந்தப் பாடு இல்லை. செயற்கைக்கோள் படம் திரையில் இருக்கும். அதன் மேல் மவுசால் கோடு இழுக்கணும், அவ்வளவுதான். படத்தில் கூரை தெரியும், ரோடு தெரியும். ஆனால் எந்த அடிபம்பில் தண்ணீர் வருகிறது, எந்தச் சந்தில் ஆட்டோ நுழையும், எதில் சைக்கிள் மட்டும் போகும், இதெல்லாம் மேலிருந்து தெரியுமா? அது நம்ம ஆயாவுக்குத் தெரியும். கென்யாவின் நைரோபி நகரில் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி இணைய வரைபடங்களில் வெற்றிடமாகத்தான் இருந்தது. 2009இல் அந்தப் பகுதி இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து தண்ணீர்க் குழாய், கழிப்பறை, கிளினிக் எல்லாம் குறித்துச் சேர்த்தார்கள்.

போன் கொண்டுவரக் கூடாது என்பது பள்ளி விதி. அதை மீறச் சொல்லவில்லை. நம்ம பகுதியைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, தெருவுக்கு இரண்டு பேர் பென்சிலோடு நடந்தால் போதும். பிறகு லேபில் சார் பக்கத்தில் இருக்கும்போது ஏற்றலாம். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதக் கூடாது. தமிழில் பெயர் எழுத அதில் தனி இடமே இருக்கிறது. இங்கிலீஷில் எழுதி ஊர்ப் பெயரைக் கொலை செய்ய வேண்டாம்.

பெயர் என்றதும்தான் உண்மையான சிக்கல் வருகிறது. ஊரில் வழங்குகிற பெயரை எழுதணும் என்பது இந்த வரைபடத்தின் வழக்கம். ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கத் தெருக்களை ஊரில் சிலர் சாதியைச் சொல்லியும் ‘காலனி’ என்றும் கூப்பிடுகிறார்கள். அங்கே இருக்கிற நண்பர்கள் அப்படிச் சொல்வதில்லை. எதை எழுதுவது? கடைத்தெருவில் நாலு பேர் சொல்கிறார்கள் என்று எழுதினால், வாயில் இருந்தது எழுத்தாகிவிடும். நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளை வேலைக்கு அட்ரஸ் கொடுக்கும்போதும் அது கூடவே போகும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அப்படி இருக்க நாம் புதுசாக அதை ஏற்றலாமா? அந்தத் தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்கணும். அவர்கள் சொல்கிற பெயரைத்தான் எழுதணும். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் தெருவை மட்டும் வரைந்து பெயரைக் காலியாக விடலாம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

ஜே.ஆர்.சி. சாரிடம் பேசினோம். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தால் சனிக்கிழமை காலையில் போகலாம் என்றார். பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காக்களுக்குப் பொதுத்தேர்வு, அவர்களை விட்டுவிடுவோம். வர விரும்புவோர் எங்கள் வகுப்பு வாசலில் ஒட்டியுள்ள தாளில் பெயர் எழுதவும். ஏரிக்கு அந்தப் பக்கத்து நண்பர்கள் முதலில் எழுதுங்கள். சந்து வழியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், நாங்கள் பின்னாடி வருகிறோம்.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி