உதவித்தொகை என்னும் ஒரு சொல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதனையொட்டி எழுந்த தகவல் தொழில்நுட்ப வளாகங்களிலும் மாலை நேரப் பணிக்குச் செல்லும் மாணவர்கள், அங்கே பெறும் பணத்தை உதவித்தொகை என்றே குறிப்பிடுகின்றனர். படிப்பதற்காக அரசு தருவதும் உதவித்தொகை. வேலை வாங்கிக்கொண்டு நிறுவனம் தருவதும் உதவித்தொகை. ஊதியம் என்ற சொல் நம்மிடம் இல்லாமலா போயிற்று? (வள்ளுவர் அதனை இலாபம் என்ற பொருளில் ஆண்டார் என்பது வேறு செய்தி.)

சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கல்விச் செலவுக்கென வழங்கப்படும் தொகைக்கு வருமான வரி இல்லை. உழைப்புக்கு ஈடாகப் பெறுவது வருமானம். மாணவரின் சம்பாத்தியத்துக்கெனத் தனி வரம்பும் இல்லை. எல்லோருக்கும் உரிய வரம்புதான் அவருக்கும். புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டு முதல் அது 4 லட்சம் ரூபாய். மாதம் 8,000 ரூபாய் பெறுபவர் அதன் அருகில்கூட வருவதில்லை. பிறகென்ன கவலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும்.

வரி இல்லை, பிடித்தம் உண்டு. சம்பளம் என்ற தலைப்பில் கொடுத்தால், நிறுவனம் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு, வரி வராதெனில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறினால் வருங்கால வைப்பு நிதி போன்ற கடமைகளும் தொடர்ந்து வரும். ஆகவே அதே பணம் ‘தொழில்முறைக் கட்டணம்’ எனப் பெயர் மாறுகிறது. கட்டணம் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கப்படும். பான் எண் தராதவரிடம் 20 சதவீதம். மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. அதில் 9,600 போய்விடுகிறது. ஒரு மாத உழைப்பைவிட அதிகம். அது மாணவரின் பணம் என்பதை அரசும் மறுப்பதில்லை. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். பிடித்தத்தையே கட்டிமுடித்த வரியாகக் கருதும் மாணவர் அதைக் கேட்பதே இல்லை.

வருவாய் எழும் இடத்திலேயே பிடிக்காவிட்டால் ஏய்ப்பு பெருகும் என்ற வாதம் நியாயமானதே. எனினும் வங்கியில் பணம் போட்டு வட்டி பெறுபவர், தமக்கு வரி வராது என்று உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டால் வட்டியில் பிடித்தம் இல்லை. உழைத்துக் கட்டணம் பெறுபவருக்கு அந்த உறுதிமொழி செல்லாது. அவர் வருமான வரி அதிகாரியிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் இயற்றப்பட்ட சட்டமும் இவ்வேறுபாட்டைக் களையவில்லை. முதல் உள்ளவரின் சொல் நம்பப்படுகிறது, உழைப்பவரின் சொல் நம்பப்படுவதில்லை. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று 1955இல் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றிய ஆவடி, அம்பத்தூரிலிருந்து மூன்றாவது ரயில் நிலையம்!

தொழில் பழகுநர் சட்டமும் அதே 1961இல் பிறந்ததுதான். பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது அது. தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு கேட்டால் மாணவர். வருமானம் என்று வரும்போது மற்றவர்களில் ஒருவர்.

வட்டிக்கு ஏற்கப்படும் உறுதிமொழியை, வரம்புக்கு மிகக் கீழே சம்பாதிக்கும் மாணவரிடமும் ஏற்க வேண்டும். அதுவரை, எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி, பிடித்த தொகையைத் திரும்பப் பெறும் வழியைக் கற்பிக்கலாம். தமிழ் வகுப்பிலேயே அதைச் செய்யலாம் என்பேன். உதவித்தொகை, ஊதியம், கட்டணம், பிடித்தம் ஆகிய நான்கு சொற்களின் பொருளை விளக்கினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.