ஒரே கடல், ஒரே ஆழம்… டைவ் கம்ப்யூட்டர்கள் வேறு வேறு நேரம் காட்டுவது ஏன்?

ஸ்கூபா டைவிங் போகும் இருவர் ஒன்றாகக் கடலில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தையும் ஒன்றாகவே தொடுகிறார்கள். ஒருவர் மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர், ‘இந்த ஆழத்தில் 15 நிமிடம் இருக்கலாம்’ என்கிறது. இன்னொருவருடையது, ‘9 நிமிடம்தான்’ என்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இரண்டிலும் எந்தப் பழுதும் இல்லை.

டைவ் கம்ப்யூட்டர் ரிவ்யூக்களில் திரையின் தெளிவு, பேட்டரி, புளூடூத், ஜி.பி.எஸ். எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். இந்த ஆறு நிமிட வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால், அந்தக் கருவியை வாங்குவதே அந்த நிமிடங்களுக்காகத்தான்.

அந்தக் கருவிக்கு என்ன தெரியும்?

உண்மையில் அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு நேரமாக அழுத்துகிறது. மீதி எல்லாம் கணக்கு.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் இருப்பவர் கரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். அந்தக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்பு அதைப் பயன்படுத்தாது. ஆனால், அழுத்தம் இருக்கும்வரை அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே போகும். கோலி சோடாவில் கோலி அடைத்திருக்கும்வரை குமிழி தெரியாது. அமுக்கிய அடுத்த நொடி பொங்கும். வேகமாக மேலே வரும் டைவருக்கும் அதுதான் நடக்கிறது. மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மோசமான நிலையில் பக்கவாதம். டிகம்ப்ரஷன் சிக்னஸ் என்று பெயர்; டைவர்கள் ‘பெண்ட்ஸ்’ என்பார்கள். சிகிச்சைக்கு அழுத்த அறை வேண்டும். அது எல்லாக் கடற்கரை ஊரிலும் இருப்பதில்லை.

எவ்வளவு நேரம் கீழே இருந்தால் நேராக மேலே வரலாம் என்ற கேள்விக்கு முதலில் அறிவியல்பூர்வமாகப் பதில் தேடியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908-ல் அட்டவணை வெளியிட்டார். பிறகு சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மன் அதை வெகுவாக மேம்படுத்தினார். அவருடைய மாதிரி உடம்பை 16 கற்பனைப் பெட்டிகளாகப் பிரிக்கிறது. சில பெட்டிகள் நைட்ரஜனை மளமளவென்று வாங்கி மளமளவென்று விடும், சில மெதுவாக. மிக வேகமான பெட்டி பாதி நிரம்ப 4 நிமிடம், மிக மெதுவானதற்கு 635 நிமிடம். இன்று விற்கும் டைவ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது இந்த பூல்மன் கணக்கோ, அதன் உறவுக்காரக் கணக்கோதான்.

அட்டவணை இருக்கும்போது கருவி எதற்கு? அட்டவணையில், முழு டைவும் அதிகபட்ச ஆழத்திலேயே நடந்ததாகத்தான் கணக்கு. 30 மீட்டரைத் தொட்டுவிட்டு 12 மீட்டரில் அரை மணி நேரம் மீன் பார்த்தாலும் அட்டவணைக்கு அது 30 மீட்டர் டைவ். கம்ப்யூட்டர் சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்துத் திருப்பிக் கணக்குப் போடும். 1983-ல் வந்த ‘எட்ஜ்’ என்ற கருவிதான் இதை விற்பனையில் முதலில் ஜெயித்துக் காட்டியது.

அந்த ஆறு நிமிடம்

ஷியர்வாட்டர், கார்மின் கருவிகளின் செட்டிங்ஸுக்குள் போனால் ‘கன்சர்வேடிசம்’ என்று ஒன்று இருக்கும். குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று தேர்வு. பக்கத்திலேயே 45/95, 40/85, 35/75 என்று எண்கள். இவற்றுக்கு கிரேடியன்ட் ஃபேக்டர் என்று பெயர்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு நைட்ரஜன் அழுத்தம் மிச்சமிருக்கும்போது மேலே வரலாம் என்பதற்கு பூல்மன் ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறார். இரண்டாவது எண் 95 என்றால், அந்தக் கோட்டின் 95 சதவீதம் வரை போய்விட்டு மேலே வரலாம். 75 என்றால் முக்கால் தூரத்திலேயே நிறுத்திக்கொள். முதல் எண், கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படும் டைவ்களில் முதல் நிறுத்தம் எவ்வளவு ஆழத்தில் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். சாதாரண சுற்றுலா டைவருக்கு முக்கியம் இரண்டாவது எண்தான்.

30 மீட்டர், சாதாரணக் காற்று, அன்றைய முதல் டைவ் என்று வைத்து பூல்மன் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், 95-க்கு சுமார் 15 நிமிடம் வருகிறது. 85-க்கு 12. 75-க்கு 9-லிருந்து 10. கருவி வேறு இல்லை, கணக்கு வேறு இல்லை. எண் மட்டும் வேறு. ஆனால், 75-ல் இருப்பதைவிட 95-ல் இருப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் கிடைக்கிறது. பாடி அமைப்பின் பழைய பிளாஸ்டிக் அட்டவணையோ இதே ஆழத்துக்கு 20 நிமிடம் தருகிறது. இதில் எது ‘சரி’ என்று கேட்டால், கேள்வியே கொஞ்சம் தப்பு. எல்லாமே ரிஸ்க்கின் வெவ்வேறு புள்ளிகள்.

அதனால், ‘பிராண்ட் ஏ-யைவிட பிராண்ட் பி அதிக நேரம் தருகிறது’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இரண்டும் எந்த செட்டிங்கில் இருந்தன என்பதைத்தான்.

கம்பெனிகள் கட்சி மாறிய கதை

கொஞ்ச காலம் முன்புவரை பிராண்டுகளுக்கு இடையே நிஜமாகவே கொள்கை வேறுபாடு இருந்தது. சூன்டோ, மாரெஸ், க்ரெஸ்ஸி ஆகியவை ஆர்.ஜி.பி.எம். என்ற குமிழி மாதிரியை நம்பின. கரைந்த நைட்ரஜனோடு, கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் இதன் அர்த்தம்: அடுத்தடுத்து டைவ் செய்தாலோ, வேகமாக மேலே ஏறினாலோ, நடுவில் ஓய்வு குறைவாக எடுத்தாலோ அடுத்த டைவுக்கான நேரத்தைக் கருவி கறாராக வெட்டிவிடும். சூன்டோ வைத்திருப்பவர்கள் ‘மத்தவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, என்னுது மட்டும் மேல வரச் சொல்லுது’ என்று புலம்புவது டைவ் படகுகளில் பழைய ஜோக்.

குமிழி மாதிரிகளின் இன்னொரு கிளை, ‘முதல் நிறுத்தத்தை ஆழத்திலேயே தொடங்கு’ என்று சொன்னது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு இதை நேராகச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டது. 52 மீட்டர் ஆழம், கீழே 30 மிநிடம், இரண்டு குழுவுக்கும் ஒரே மொத்த நேரம். ஒரு குழு ஆழத்தில் நின்று நின்று வந்தது. இன்னொன்று ஆழம் குறைந்த இடத்தில் அதிகம் நின்றது. ஒவ்வொன்றிலும் 190-க்கு மேற்பட்ட டைவ்கள். ஆழம் குறைந்த நிறுத்தக் குழுவில் பெண்ட்ஸ் வந்தது 3 முறை. ஆழ நிறுத்தக் குழுவில் 10-க்குக் குறையவில்லை. சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

அது நிறுத்தங்கள் தேவைப்படும் ஆழ டைவ்களுக்கான சோதனை. விடுமுறைக்குப் போய் 18 மீட்டரில் ஆமை பார்ப்பவருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும், காற்று அடிக்கும் திசை மாறியது. மாரெஸ் தன் புதிய கருவிகளில் பூல்மனுக்கு வந்துவிட்டது. 2024-ல் வந்த சூன்டோ ஓஷனும் பூல்மன்தான், கிரேடியன்ட் ஃபேக்டரோடு. புதுக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கில் இன்று பிராண்டுகளுக்கு இடையே உள்ள தூரம் குறைந்துவிட்டது. வாடகைக்குக் கிடைக்கும் பழைய கருவிகளில் அப்படி இல்லை.

வாட்ச் போதுமா?

2022 செப்டம்பரில் ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவை அறிமுகப்படுத்தியபோது, அதை டைவ் கம்ப்யூட்டராக மாற்றும் ஓஷியானிக் பிளஸ் செயலியையும் ஆப்பிள் அறிவித்தது. இதிலும் பூல்மன் கணக்குதான். அந்த வகையில் இது பொம்மை இல்லை. ஆனால், சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஆழம் அளப்பது 40 மீட்டர் வரைதான். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையும் அதுவே என்பதால் பெரும்பாலானோருக்கு இது பிரச்சினை இல்லை. டிகம்ப்ரஷன் கணக்கு வேண்டுமென்றால் செயலிக்குச் சந்தா கட்ட வேண்டும். இலவசத்தில் ஆழமும் நேரமும் மட்டுமே. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதை வயர்லெஸ்ஸாக வாங்கிக் காட்டும் வசதி கார்மினின் ‘ஐ’ மாடல்களிலும் சூன்டோ ஓஷனிலும் உண்டு. 2022-ன் அல்ட்ராவில் அது கிடையாது.

பேட்டரி விஷயத்தில் பழசுதான் ராஜா. நாள் முழுக்க மெசேஜ், மேப், பாட்டு என்று ஓடிய வாட்ச்சை மறுநாள் காலை 7 மணிப் படகில் சார்ஜ் இல்லாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் 2-க்கு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏ பேட்டரி போதும். சூன்டோ ஸூப் நோவோ, க்ரெஸ்ஸி லியோனார்டோ போன்ற ஆரம்பநிலைக் கருவிகளில் நாணயம் போன்ற பேட்டரியை நீங்களே மாற்றிவிடலாம். ஒன்று போட்டால் டைவ் கணக்கில்தான் தீரும், நாள் கணக்கில் அல்ல. அவற்றின் திரை பழைய கால்குலேட்டர் மாதிரி இருக்கும். அழகில்லை, வேலை நடக்கும். நடுவில் நிற்பது ஷியர்வாட்டர் பெரெக்ரின்: 2.2 அங்குல வண்ணத்திரை, சார்ஜ் செய்யும் பேட்டரி, 120 மீட்டர் வரை. கண்ணாடி போடுபவர்களுக்கு இந்தப் பெரிய எழுத்து ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு.

சான்றிதழ் எதற்கு?

விளம்பரங்களில் ‘இ.என். 13319 சான்று பெற்றது’ என்று பெருமையாகப் போடுவார்கள். ஆப்பிளுக்கும் அது உண்டு. பலர் இதை ‘டைவ் கம்ப்யூட்டராகப் பாதுகாப்பானது’ என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த ஐரோப்பியத் தரநிலை ஆழத்தையும் நேரத்தையும் துல்லியமாக அளக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. உள்ளே ஓடும் டிகம்ப்ரஷன் கணக்கு சரியா என்பது அதன் வரம்பிலேயே இல்லை.

கணக்கில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1995-ல் விற்பனையான யூவாடெக் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கருவியின் மென்பொருளில் ஒரு கோளாறு. ஆக்சிஜன் அதிகமுள்ள நைட்ராக்ஸ் வாயுவில் டைவ் முடித்துப் படகில் உட்கார்ந்திருப்பவர் சாதாரணக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். கருவியோ, அவர் இன்னும் நைட்ராக்ஸையே சுவாசிப்பதாக நினைத்துக்கொண்டது. விளைவு, உடம்பிலிருந்து நைட்ரஜன் நிஜத்தைவிட வேகமாக வெளியேறிவிட்டதாகக் கணக்கு. அடுத்த டைவில் பாதுகாப்பானதைவிட அதிக நேரம் காட்டியது. அமெரிக்காவில் அது திரும்பப் பெறப்பட்டது 2003-ல்தான். ஆழத்தையும் நேரத்தையும் அது சரியாகவே அளந்துகொண்டிருந்தது.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ வாடகைக்கு எடுத்தால்

முதலில் கன்சர்வேடிசம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். முன்பு வாடகைக்கு எடுத்தவர் மாற்றி வைத்திருக்கலாம். வாயு ‘காற்று’ என்று இருக்கிறதா, பழைய நைட்ராக்ஸ் செட்டிங் அப்படியே நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் ஒரு கருவி, மதியம் வேறொன்று என்று மாற்றினால், மதியத்துக் கருவிக்கு உங்கள் காலை டைவ் பற்றி ஒன்றுமே தெரியாது. அதேபோல, நேற்று வேறொருவர் மாட்டியிருந்த கருவி அவருடைய மிச்ச நைட்ரஜனை உங்கள் கணக்கில் எழுதியிருக்கும். இது நேரத்தைக் குறைக்குமே தவிர ஆபத்து இல்லை.

கூட வருபவரின் கருவி குறைவான நேரம் காட்டினால் இருவரும் அதன்படிதான் ஏற வேண்டும். விதியை மீறினால் நடப்பதும் கருவிக்குக் கருவி மாறும். ஸூப் நோவோவில் கட்டாய நிறுத்தத்தைத் தவிர்த்துவிட்டு மேலே வந்தால் 48 மணி நேரத்துக்குக் கணக்குப் போட மறுத்துவிடும். உங்கள் விடுமுறை அதோடு முடிந்தது. ஷியர்வாட்டர் பூட்டாது, எச்சரித்துவிட்டுத் தொடரும். அனுபவசாலிக்கு அது சௌகரியம், புதியவருக்குப் பூட்டுவதே நல்லது.

கடைசியாக, ஃப்ளைட். விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு என்பதால் மிச்ச நைட்ரஜன் அங்கேயும் குமிழியாகலாம். சில கருவிகள் கண்ணை மூடிக்கொண்டு 24 மணி நேரம் காட்டும், சில கணக்குப் போட்டுக் குறைவாகக் காட்டும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை, நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18. கட்டாய நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாக அதிகம். சனி, ஞாயிறு டைவ் செய்து ஞாயிறு மதியம் 2 மணிக்குக் கரையேறினால், திங்கள் காலை 8 மணிக்கு முன்பு கிளம்பும் சென்னை விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள்.