வலிக்குப் புள்ளி போடுவது எப்படி?



வினாத்தாள் அமைப்பதும் திருத்துவதும் புள்ளி இடுவதும் நம் அன்றாடத் தொழில். வினா எதைக் கேட்கிறதோ அதைத்தான் விடை காட்டும். கேட்காத ஒன்றைப் பிள்ளை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தாலும் அதற்குப் புள்ளி இல்லை. மருத்துவமனையிலும் இதுவே நடக்கிறது. அங்கே நாம் விடையெழுதும் பக்கத்தில் அமர்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, அந்த வினாத்தாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இடுப்புவலி, கழுத்துவலி, தோள்வலி, முழங்கால்வலி என்று மாதக்கணக்கில் துன்பப்படுவோருக்குப் பல இடங்களில் ஒரு வினாநிரலைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். அந்த வலியால் அன்றாட வாழ்வில் எவையெல்லாம் இயலாமற் போயின என்பதை அளப்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். முதுகெலும்பைப் படமெடுத்தால் தட்டு தேய்ந்திருப்பது தெரியும். ஆனால், வலியே இல்லாத பலருக்கும் அத்தகைய தேய்வு உண்டு. படத்தில் ஒன்றும் தெரியாதவர் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடப்பதும் உண்டு. ஆகவே, உரியவரையே கேட்டாக வேண்டும். நான் வினாநிரலுக்கு எதிரி அல்லன். அதை நிரப்பும் முறையும் அதற்குப் புள்ளியிடும் முறையும்தான் என்னை உறுத்துகின்றன.

இடுப்புவலிக்கு மிகப் பரவலாகப் பயன்படுவது 1980-இல் இங்கிலாந்தில் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி வினாநிரல். மொத்தம் 10 பகுதிகள். வலியின் கடுமை, உடலைப் பேணுதல், பளு தூக்குதல், நடத்தல், உட்கார்தல், நிற்றல், உறங்குதல், இல்லற உறவு, சமூக வாழ்வு, பயணம். ஒவ்வொன்றிலும் 0 முதல் 5 வரை புள்ளிகள். மொத்தம் 50-க்குக் கணக்கிட்டு விழுக்காடாக மாற்றுவர். 20 வரை சிறிதளவு இயலாமை. 40 வரை நடுத்தரம். 60 வரை கடுமை. 80 வரை முடக்கம். அதற்கும் மேலே போனால்? படுத்த படுக்கையாக இருக்கிறார், இல்லையேல் மிகைப்படுத்துகிறார் என்பது அதை உருவாக்கியவர்கள் தந்த விளக்கம்! நூற்றுக்கு எண்பத்தைந்து வாங்கிய பிள்ளையைப் பார்த்து, ‘நீ பார்த்து எழுதினாயா?’ என்று கேட்பதுபோல் இருக்கிறது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வயதான தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. மலாய் பேசுவார், படிக்க மாட்டார். உடன் சென்ற மகனோ மகளோ பேனாவை வாங்கி, வரிசையில் நின்றபடியே மொழிபெயர்த்து நிரப்பிவிடுவர். எட்டாவது பகுதி வரும்போது மகன் என்ன செய்வான்? தாயிடம் எந்த வாயால் கேட்பான்? ஒன்று, வெறுமையாக விடுவான். அல்லது, ‘சிக்கல் இல்லை’ என்று தானே குறித்துவிடுவான். இதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரு பகுதி விடப்பட்டால் மொத்தத்தை 50-ஆல் அன்று, 45-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. மற்ற ஒன்பதிலும் சேர்த்து ஓர் அம்மையார் 19 பெற்றிருந்தால், வெறுமையாக விட்டபோது அவருடைய இயலாமை 42 விழுக்காடு; அதாவது கடுமை. மகன் கூச்சத்தால் 0 குறித்தால் 38 விழுக்காடு, அதாவது நடுத்தரம். தாயின் வலி மாறவில்லை. மகனின் கூச்சம் அவரை ஒரு படி இறக்கிவிட்டது.

முறையாக ஒரு வினாநிரலை மொழிபெயர்ப்பது எளிய வேலை அன்று. இருவர் தனித்தனியே பெயர்க்க வேண்டும். வேறு இருவர் மூலத்தைப் பாராமல் மீண்டும் மூலமொழிக்குத் திருப்ப வேண்டும். குழு ஒன்று ஒப்புநோக்க வேண்டும். நோயாளிகள் சிலரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்வெஸ்ட்ரியின் தமிழ் வடிவம் இவ்வாறு ஆராயப்பட்டு 2014-இல் வெளிவந்திருக்கிறது. இத்தனையையும் நம் பிள்ளைகள் முகப்பில் நின்றபடி அரை நிமிடத்தில் செய்து முடிக்கிறார்கள்.

மொழி சரியாக இருந்தாலும் வாழ்க்கை வேறாக இருக்கலாம். முழங்கால் தேய்வுக்குக் கனடாவில் உருவான வோமாக் வினாநிரலில் 24 வினாக்கள். அவற்றுள் 17 அன்றாடச் செயல்கள் பற்றியவை. காலுறை அணிவதற்கு ஒரு வினா, கழற்றுவதற்கு ஒரு வினா. குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவதற்கும் ஒன்று. என் தாயார் காலுறை அணிந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் குளியல் தொட்டியும் இல்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுவதையோ, குந்தும் கழிப்பறையையோ அது கேட்பதில்லை. கோயிலில் அன்னதானத்திற்கு அமர்ந்துவிட்டு எழமுடியாமல் இருவர் கைகொடுத்துத் தூக்கவேண்டிய நிலையிலுள்ள பாட்டிக்கு அந்தத் தாளில் எங்கே இடம்?

ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். என் வலத்தோளில் இரண்டு ஆண்டுகளாக வலி. கைக்கும் தோளுக்கும் உரிய ‘டேஷ்’ என்னும் 30 வினாக்கள் கொண்ட படிவத்தை நிரப்பக் கொடுத்தார்கள். ‘எழுதுதல்’ என்று ஒரு வினா. மேசையில் வைத்து எழுத எனக்குத் தொல்லையே இல்லை. வெண்பலகையில் தோளுக்குமேல் கையை உயர்த்தி நான்கு பாடவேளை எழுதினால்தான் இரவெல்லாம் உறக்கம் போகிறது. இன்னொன்று. எந்தக் கையால், எப்படிச் செய்கிறீர்கள் என்பது முக்கியமன்று, செய்ய முடிகிறதா என்பதையே குறிக்கவும் என்று அதன் குறிப்புரை கூறுகிறது. நானோ பூட்டைத் திறப்பது முதல் பல வேலைகளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். ஆக, நான் பழகிக்கொண்ட அளவுக்கு என் இயலாமை தாளில் குறைந்துபோனது. வேலைக்கென்றே நான்கு வினாக்கள் கொண்ட தனிப்பகுதி ஒன்று அதில் உண்டு. ஆனால், அது விருப்பப் பகுதி. எனக்கு அதைத் தரவில்லை. கேட்டு வாங்குங்கள் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லி வருகிறேன்.

புள்ளி ஏறி இறங்குவதையும் அளவோடு பார்க்க வேண்டும். ஆஸ்வெஸ்ட்ரியில் ஏறத்தாழ 10 புள்ளிகள், அல்லது தொடக்க நிலையிலிருந்து 30 விழுக்காடு குறைந்தால்தான் உண்மையான முன்னேற்றம் எனக் கொள்ளலாம் என்று வல்லுநர் குழுவொன்று 2008-இல் பரிந்துரைத்தது. 42 என்பது 39 ஆனதும் ‘அம்மா தேறிவிட்டார்’ என்று பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள். வலிக்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. 1983-இல் வந்த ரோலண்ட்–மாரிஸ் வினாநிரலின் 24 கூற்றுகளும் ‘இன்று’ எப்படி என்றே கேட்கின்றன. திருமண வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்த மறுநாள் நிரப்பினால் அது வேறு புள்ளி.

என்னைக் கேட்டால், பொதுவான வினாநிரலோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1995-இல் அறிமுகமான ஒரு முறையில் வினாக்களை நோயாளியே அமைக்கிறார். வலியால் தமக்கு இயலாமற்போன மூன்று முதல் ஐந்து செயல்களை அவரே சொல்வார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அவரே புள்ளி இடுவார். 0 என்றால் அறவே இயலாது. 10 என்றால் முன்போல் இயலும். சில வாரங்கள் கழித்து அதே செயல்களுக்கு மீண்டும் புள்ளி கேட்பார்கள். இதைக்கொண்டு ஒருவரை இன்னொருவருடன் ஒப்பிட முடியாது என்பது உண்மையே. ஆனால், அவரை அவரோடு ஒப்பிடலாம்.

இதை வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போகலாம். மருத்துவமனைக்குப் போகும் முந்திய நாள் இரவு தாயாரை, தந்தையாரை உட்காரவைத்துக் கேளுங்கள். ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஏதோ இருக்கு’ என்பார்கள். ‘போன வருடம் செய்த எதை இப்பொழுது செய்வதில்லை?’ என்று கேளுங்கள். மருமகள் செய்துவிடுவதால் விட்டதா, முடியாமல் விட்டதா என்பதையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தேதியைக் குறித்து ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது பகுதி வரும்போது தாளைத் தாதியிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.