பற்றுச்சீட்டு பயணியின் உரிமை

அக்கரப்பத்தனையிலிருந்து கொழும்புக்குச் செல்வோரில் பெரும்பாலானோர் உல்லாசத்திற்காகச் செல்பவர்கள் அல்லர். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையை நாடும் நோயாளி, கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லை செல்லும் பெண், புறக்கோட்டைக் கடைகளில் தொழில் பார்க்கும் இளைஞர், அங்கு சரக்குக் கொள்வனவு செய்யும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர் என இவர்களது பயணங்கள் யாவும் தேவையின் நிமித்தமானவை. தலவாக்கலை, ஹற்றன், அவிசாவளை வழியாகப் பல மணி நேரம் பயணித்துப் புறக்கோட்டையில் இறங்கி, நகர பஸ் ஒன்றில் ஏறியதும் இவர்கள் முன் எழும் முதல் வினா, கட்டணம் எவ்வளவு என்பதேயாகும்.

இது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆனால், எமது நாட்டில் பஸ் கட்டணம் தூரத்திற்கேற்பப் படிமுறையாகக் கணிக்கப்படுகின்றது. எந்த இடத்தில் ஒரு படி முடிந்து அடுத்தது ஆரம்பமாகின்றது என்பதை நாள்தோறும் அப்பாதையில் செல்பவரே அறிவார். புதிதாக வருபவர் நடத்துநர் கேட்கும் தொகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியற்றவராகின்றார். கட்டணமும் நிலையானதன்று. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022 ஆம் ஆண்டில் பல தடவைகள் அதிகரிக்கப்பட்ட ஆகக்குறைந்த கட்டணம், ஜூலையில் 40 ரூபாவைத் தொட்டு, பின்னர் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஓரிரு முறை மாத்திரம் தலைநகர் வருபவர் இம்மாற்றங்களை எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபா நாட்சம்பளத்தை ஊக்கத்தொகையுடன் 1,750 ரூபாவாக உயர்த்துவதற்கே 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத்திட்டத்தில் முன்மொழியப்பட்டது. அத்தகைய வருமானத்தில் வாழும் குடும்பத்திற்கு, மேலதிகமாக அறவிடப்படும் தொகையும் திருப்பித் தரப்படாத மிகுதிப் பணமும் சிறு இழப்பல்ல. இந்நிலையில் பயணிக்குள்ள ஒரே பாதுகாப்பு, செலுத்திய தொகை அச்சிடப்பட்ட பற்றுச்சீட்டு மாத்திரமே.

மேல் மாகாண பஸ்களில் 2025 ஒக்டோபர் முதல் பற்றுச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. எனினும், பற்றுச்சீட்டின்றிப் பயணிப்போரும் தண்டப்பணம் செலுத்த நேரிடும் என அறிவிக்கப்பட்டமை சிந்திக்க வேண்டியதொன்றாகும். நெரிசலான பஸ்ஸில், சிங்களத்தில் சரளமாக உரையாட இயலாத ஒருவர், பற்றுச்சீட்டைக் கேட்டு நடத்துநருடன் வாதாடுவார் என எதிர்பார்க்க முடியாது. கொடுக்காதவரின் தவறுக்குப் பெறாதவர் தண்டிக்கப்படுவது நீதியாகாது.

2025 நவம்பரில், தெரிவு செய்யப்பட்ட சில பாதைகளில், வங்கி அட்டை மூலம் கட்டணம் செலுத்தும் திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது. சரியான தொகை மாத்திரமே அறவிடப்படும், மிகுதிப் பணப் பிரச்சினை எழாது என்ற வகையில் இது பயனுள்ளது. ஆயினும், காசுப் பாவனையைக் கைவிடுவதற்கு இதனை முதற்படியாக்க முனைதல் கூடாது. 2014 ஜூலை முதல் லண்டன் நகர பஸ்களில் காசு ஏற்கப்படுவதில்லை என்பதைச் சிலர் உதாரணம் காட்டக்கூடும். அங்கு எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரு பஸ் பயணத்திற்கு ஒரே கட்டணம் என்பதை மறந்துவிடலாகாது. அந்நகருக்குப் புதியவரும் தாம் செலுத்த வேண்டியதை முன்கூட்டியே அறிவார். அந்தத் தெளிவை ஏற்படுத்தாமல் இயந்திரத்தை மாத்திரம் கொண்டுவருவதால், அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு நியாயமும் இல்லாதவருக்கு இன்னொரு நியாயமும் என்ற நிலையே உருவாகும்.

நிர்வாகப் பொறுப்பு பிரிந்து கிடப்பதும் பயணிக்குச் சிரமமே. ஹற்றனிலிருந்து கொழும்பு வரும் மாகாணங்களுக்கிடையிலான தனியார் பஸ், 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் அதிகாரத்திற்குட்பட்டது. கொழும்புக்குள் ஓடும் தனியார் பஸ்களோ மாகாண அதிகார சபைக்குரியவை. எங்கு முறையிடுவது என்பதையே அறியாத பயணி மௌனமாகி விடுகின்றார். ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்தையாவது மலையக மக்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

சம்பந்தப்பட்டோரிடம் நாம் கோருவன பெருஞ்செலவுக்குரியவை அல்ல. புறக்கோட்டை, ஹற்றன், தலவாக்கலை பஸ் நிலையங்களில் மும்மொழிகளிலும் கட்டணப் பட்டியல் வைக்கப்பட வேண்டும். ஏறும் இடம், இறங்கும் இடம், தொகை என்பன பற்றுச்சீட்டில் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். முறைப்பாடுகளைத் தமிழில் கேட்டறிய அலுவலர்கள் இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டு வழங்காத பஸ்ஸின் மீதே முதலில் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். பயணிகளும் தயக்கமின்றிப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவதை வழக்கமாக்கிக் கொள்ளல் அவசியம்.

தமிழ், 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அரச கரும மொழியாக்கப்பட்டது. அந்த ஏற்பாடு ஏட்டில் இருந்தால் மாத்திரம் போதாது. மலையகத்திலிருந்து வரும் ஒரு தாயின் கையிலுள்ள பற்றுச்சீட்டிலும் அது தெரிய வேண்டும்.