கப்பலுக்கு ரயில் காத்து நின்றது. விமானத்துக்கு பஸ் எங்கே?

பலாலி விமானத் தளம் 2019 அக்டோபர் 17 ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற புதுப் பெயருடன் திறந்து வைக்கப்பட்டது. கொள்ளை நோயால் ஓய்ந்திருந்த சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச் 30 இல் திருச்சியிலிருந்தும் விமானம் வந்திறங்கியது. மகிழ்ச்சியே. ஆயினும், கண்டியிலிருந்து எழுதும் நாம் ஒன்று வினவுகின்றோம்: அந்த விமானத்தை விட்டு இறங்குவோர் அனைவரும் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடுவார்கள் என்று ஆட்சியாளருக்குச் சொன்னவர் யார்?

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே ஓடும் பெருஞ்சாலைக்குக் கண்டி வீதி என்று பெயர். ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளம். பெயரில் கண்டி இருக்கிறது. ஆனால் திருச்சியில் தம்பி வீட்டுச் சாவுக்குப் போய்த் திரும்பும் மாத்தளைத் தோட்டத்துத் தாய், பலாலி வாசலில் பெட்டியும் பையுமாக நின்று, கிடைத்த வண்டியைப் பிடித்து யாழ் நகருக்கு வந்து, மத்திய பஸ் நிலையத்தில் கண்டி பஸ் எப்போது என்று கேட்டலைய வேண்டும். அதன்பின் ஏழெட்டு மணி நேரப் பயணம். தவறவிட்டால் விடுதிக் கூலி வேறு.

விமான நேரத்துக்கு இசைவாக ஒரு பஸ் ஓட்டுவது அவ்வளவு அரிய வித்தையா? 1914 ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றோம். அவ்வாண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அங்கே சென்னை ரயில், இங்கே கொழும்பு ரயில். கடலைக் கடந்து வந்தவனுக்கு ரயில் காத்து நின்றது. மலைநாட்டுக்குச் செல்வோர் பொல்காவலையில் மாறினர். செய்தவன் வெள்ளையன், தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, அதனால் செய்தான்.

அவன் போனபின் நம்மவர் ஆட்சி. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிற்று. அப்போதும் ரயில் வந்தது, கப்பல் வந்தது, நேரம் தவறாமல் வந்தன! அனுப்பி வைப்பதற்கு இணைப்பு உண்டு. உறவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு இல்லையோ?

கட்டுநாயக்கா கண்டிக்கு அண்மையில் இருக்கப் பலாலி எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கண்டி நகரத்தார் கட்டுநாயக்காவுக்குப் போகட்டும், தடுப்பாரில்லை. ஆனால் 1977 இன் வன்செயலுக்கு அஞ்சி மலையை விட்டோடியவர்கள் எங்கே குடியேறினார்கள்? வவுனியாவிலும் கிளிநொச்சியிலும். அண்ணன் கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், அக்கா கிளிநொச்சியில், தாய் மாத்தளையில் என்று ஒரே குடும்பம் மூன்று துண்டாகிக் கிடக்கிறது. துண்டுகளில் இரண்டைக் கண்டி வீதி கோத்துச் செல்கிறது. மூன்றாவதைத் தொடுவது பலாலி விமானம். இதற்குக் கட்டுநாயக்கா எவ்வாறு ஈடாகும்?

சட்டம் இடம் தராது என்று எவரும் சொல்லற்க. மாகாண எல்லை கடக்கும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி வழங்குவது 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. அரசாங்க பஸ்களை நடத்துவது இலங்கைப் போக்குவரத்துச் சபை. விமான நிலையம் அரசாங்கத்தின் இன்னொரு கம்பனியிடம். மூன்றும் அரசாங்கத்தின் கைகளே. புதுச் சட்டம் வேண்டாம், பாராளுமன்ற வாக்கெடுப்பு வேண்டாம், ஓர் அங்குலச் சாலையும் புதிதாக வேண்டாம். மூன்று அதிகாரிகள் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு நேரசூசியை எழுதினாற் போதும். இந்த மேசைதான் இத்தேசத்தில் அகப்படாத பொருள்!

குண்டசாலையில் விமான நிலையம் என்று எமக்கும் ஆசை காட்டியவர்கள் உண்டு. மலைகளுக்கிடையே ஓடுபாதை தேடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது நாம் கேட்பது ஒரு பஸ். விமானம் வரும் நாட்களில் பலாலி வாசலிலிருந்தே அது புறப்பட வேண்டும். விமானம் பிந்தினால் பஸ்ஸும் பிந்த வேண்டும். கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி சேர வேண்டும். பெட்டி வைக்க இடம் இருத்தல் வேண்டும். பெயர்ப் பலகை சிங்களத்தோடு தமிழிலும் இருத்தல் வேண்டும்; 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. விமானச் சீட்டோடு பஸ் ஆசனத்தையும் முன்பதிவு செய்ய வழி இருத்தல் வேண்டும். ஆள் சேராது என்று அஞ்சினால் ஆறு மாதம் ஓட்டிக் கணக்குக் காட்டட்டும்.

இக்கோரிக்கையை மனுவாக எழுதிவிட்டோம். மாத்தளை, கண்டி, கம்பளைத் தோட்டங்களில் நம் தோழர்கள் வரும் ஞாயிறு தொட்டுக் கையொப்பம் வாங்க வருவர். இந்தியாவில் உறவுள்ள வீட்டார், உறவினர் இருக்கும் ஊரின் பெயரையும் கையொப்பத்தின் அருகே எழுதுக.