பானெட்டுக்கு ஒரு பெல்ட்

பழைய ரேஸ் கார் படம் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளையில், சுருட்டு மாதிரி நீள உடம்பு. சக்கரம் நாலும் வெளியே. பானெட் திறந்துகொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு தோல் பெல்ட். ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். தொப்பை உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

அந்தச் சாயலில் இன்றைக்கும் கையாலேயே தகடு தட்டி, ஆளுக்கொரு கார் செய்து தருகிற பட்டறைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. கோச் பில்டிங் என்று பெயர். விலையைக் கேட்டால், அதற்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபமே வாங்கி வாடகைக்கு விடலாம் என்று தோன்றும்.

எங்கள் ஊரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் படங்களைக் காட்டினேன். அறுபதை நெருங்குகிறவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நாம பாடி கட்டுறதுதானே தம்பி? இதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேரு?"

நியாயமான கேள்வி. கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் தினமும் நடப்பது இதுதான். மொட்டை சேஸிஸில் ஒரு சீட்டைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உளுந்தூர்பேட்டை வெயிலில் ஒருவர் ஓட்டிப் போவாரே, கவனித்திருக்கிறீர்களா? நம் நெடுஞ்சாலையின் ஒரிஜினல் ஓப்பன் ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்! சென்னையில் 1840-ல் ஆரம்பித்த சிம்சன் கம்பெனி முதலில் கட்டியது குதிரை வண்டி. 1903-ல் அதே கம்பெனியில் நீராவிக் கார் செய்தார்கள்.

காரில் மட்டும் இந்தத் தொழில் ஏன் போயிற்று என்றால், இப்போதைய கார்களில் சேஸிஸ் தனி, பாடி தனி இல்லை. தகடேதான் எலும்பு. பாடியைக் கழற்றினால் கையில் ஸ்டீரிங் மிஞ்சும்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அப்படி இல்லை. தனி சேஸிஸ். அதைக் குட்டையாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். மேஸ்திரியின் பட்டறைக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் ஒரு ஹெரால்ட் நிற்கிறது. கூரை வழியாக வானம் தெரியும். சேஸிஸ் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேர். (ஷோரூம் வாசலைத் தாண்டியதும் மதிப்பு குறையும் பொருள் கார் என்று பி.காமில் படித்தேன். துருப்பிடிக்கப் பிடிக்க விலை ஏறும் சொத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை.)

"இதுல கட்டலாம் தம்பி" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

வழி எல்லாம் அவருக்குத் தெரிகிறது. முதலில் மரச் சட்டம். மார்கன் என்ற இங்கிலாந்துக் காரில் இன்றும் ஆஷ் மரத்தில் சட்டம் போடுகிறார்கள். மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்களுக்கு மரத்தை வளைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே அலுமினியத் தகடு. எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தட்டத் தட்ட விறைத்து, விரிந்துவிடும். அதற்கு ஒரு வித்தை. தகடு முழுக்க பார் சோப்பைத் தேய்த்து, பின்பக்கம் கேஸ் தீயைக் காட்டுங்கள். சோப் கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். தகடு மறுபடி குழைந்து கொடுக்கும். இன்னும் கொஞ்சம் காட்டினால் ஓட்டை. தெர்மாமீட்டர் கிடையாது, சவுக்காரம்தான்.

நம் ஊரில் நடக்காத காரியமும் இல்லை. கோயமுத்தூர் கரிவரதன், மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் பந்தயக் கார்கள் செய்தார். 1988-ல் வந்தது ஃபார்முலா மாருதி. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டிப் பழகியவர்தான். 1995-ல் சிறு விமான விபத்தில் கரிவரதன் போய்விட்டார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்.

ஆனால் அவை தடத்துக்குள் ஓடுகிற கார்கள். மேஸ்திரிக்கு வேண்டியது நம்பர் பிளேட். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, வளைந்து வளைந்து வெள்ளிமலை ஏற வேண்டும் அவருக்கு. காகிதம் புரட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. சரி, புது வண்டி என்று சொல்வோம் என்றால் 126-வது விதி நிற்கிறது: மாதிரி வண்டியைச் சோதனை நிலையத்தில் விட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். லட்சம் கார் விற்கிறவருக்கு அந்தச் செலவு காருக்குச் சில ரூபாய். ஒரே ஒரு கார் செய்கிறவருக்கு மொத்தமும் அந்த ஒன்றின் தலையில். காஸ்ட் அக்கவுண்டன்சி முதல் பாடம்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலை இறக்கத்தில் எதிரே வருகிற காருக்கு பிரேக் இருக்கிறதா என்று யாராவது பார்த்திருப்பது எனக்கும் நல்லதுதான். பிரிட்டனில் ஒற்றைக் காரைத் தனியாகச் சோதித்து அனுமதிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இங்கேயும் வைத்தால் எத்தனையோ மேஸ்திரிகள் வெளியே வருவார்கள்.

இன்னொரு வழி அகப்பட்டது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய கார்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை, கார் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். அதாவது ஹெரால்டை ஹெரால்டாகவே தட்டி நிமிர்த்தினால் நம்பர் உண்டு. சுருட்டு உடம்பு கட்டினால் கிடையாது. அப்படியே நம்பர் வாங்கினாலும் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போட - இதற்குத்தான் ரோட்டில் இறங்கலாம்.

படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் போனபோது ஹெரால்டின் கூரைக்குத் தகடு வெட்டிக்கொண்டிருந்தார். பழைய உருவம்தான். பட்டறைச் சுவரில் மட்டும் ஒரு நீள அலுமினிய பானெட் தொங்கியது. மேலே முகம் தெரிந்தது. குறுக்கே ஒரு பெல்ட்.

"சும்மா ஒண்ணு அடிச்சுப் பார்த்தேன்" என்றார். அப்புறம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பெட்ரோல் போடப் போலாம்னு போட்டிருக்குல்ல தம்பி? எந்த ஊர் பங்க்னு ஏதாவது போட்டிருக்கா?"